ஆலோசனை அறை காலியாக இருக்கிறது, படிவ மேசையில் கூட்டம் குறைவதில்லை: அகதிக் குடும்பங்களுக்கு எந்த உதவியை முதலில் தருவது?

கேள்வி

நாங்கள் ஒரு சிறிய தன்னார்வக் குழு. போருக்குத் தப்பி வந்து தஞ்சம் கோரியிருக்கும் குடும்பங்களுக்கு மொழி வகுப்பு நடத்துவது, படிவங்களை நிரப்பித் தருவது, மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வது போன்ற வேலைகளைச் செய்து வருகிறோம். அண்மையில் ஒரு நன்கொடை கிடைத்தபோது, இவர்கள் பட்டிருக்கும் துன்பத்துக்கு உளவள ஆலோசனையே முதல் தேவை என்று கருதி, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் வரவழைக்க ஏற்பாடு செய்தோம். தனி அறை ஒதுக்கி, கதவில் 'மனநல ஆலோசனை' என்று அவர்களுடைய மொழியிலேயே எழுதி ஒட்டினோம். அறைக்குள் எவரும் போவதில்லை.

வெளிக்கூடத்திலோ படிவ மேசைக்கு முன்னால் வரிசை குறைவதே இல்லை. அந்த வரிசையில் நிற்பவர்கள்தாம், குடும்ப விவரப் பகுதியில் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு பெயரில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். தூக்கம் வருவதில்லை, தலைவலி விடுவதில்லை, பிள்ளைகளிடம் காரணமின்றிக் கத்திவிடுகிறோம் என்று படிவம் நிரப்பும் தன்னார்வலரிடமே சொல்கிறார்கள். உள்ளே ஓர் ஆலோசகர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றால், தமக்கு மனநோய் ஏதுமில்லை, கோரிக்கைக்கு எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் போதும் என்று கூறி நகர்ந்துவிடுகிறார்கள்.

குழுவில் இப்போது இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஆலோசனையைத் தொடர வேண்டும், மக்கள் மெல்லப் பழகிக்கொள்வார்கள் என்பது ஒரு தரப்பு. அந்தப் பணத்தைச் சட்ட உதவிக்கும் வேலைவாய்ப்புக்கும் திருப்பிவிட வேண்டும் என்பது மற்றொரு தரப்பு. இத்துறையில் பணியாற்றியவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: அகதிகளின் நல்வாழ்வு என்று வரும்போது மனத்தை ஆற்றும் பணியும் அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கும் பணியும் இரண்டு வேறு வேலைகளா? ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

மறுமொழி 1: முகாம்களில் உளச்சமூகப் பணி செய்பவர்

ஆலோசகரிடம் திறமை இல்லை என்றோ மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். தனியறை, மூடிய கதவு, அதில் மனநலம் என்ற எழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்தால் உள்நாட்டு மக்களே தயங்குவார்கள். தம்மைப் பற்றி யார் எதை எங்கே குறித்து வைக்கிறார்கள், அது தஞ்சக் கோரிக்கையைப் பாதிக்குமா என்று ஒவ்வொரு நாளும் அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தக் கதவைத் தட்டாததில் வியப்பில்லை.

உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்குப் பதில் ஓரளவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஐ.நா. முகமைகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழு 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நெருக்கடிக் காலத்து உளநலப் பணியை நான்கு அடுக்குகளாகக் காண்கின்றன. அடித்தளத்தில் பாதுகாப்பும் உணவு, உறைவிடம், குடிநீர், மருத்துவம் ஆகிய அடிப்படைச் சேவைகளும் மானம் கெடாத முறையில் கிடைப்பது. அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் தாங்குதல். மூன்றாவதாக, நிபுணர் அல்லாத பயிற்சியாளர்கள் தரும் குறிப்பிட்ட உதவி. உச்சியில் மருத்துவரும் உளவியலாளரும் தரும் சிகிச்சை. கீழடுக்கு எல்லோருக்கும் தேவை, மேலடுக்கு சிலருக்கே தேவை. நீங்கள் படிவ மேசையில் செய்வது கீழ் அடுக்கின் வேலை. அதையும் உளநலப் பணி என்றே அந்த நெறிகள் எண்ணுகின்றன. நீரோ போர்வையோ வழங்கும் முறையே ஒருவரை இழிவுபடுத்துவதாக இருந்தால், பக்கத்துக் கூடாரத்தில் நடக்கும் ஆலோசனையால் அதை ஈடு செய்ய முடியாது.

ஆய்வுகளும் இதையொட்டியே செல்கின்றன. கென்னத் மில்லரும் ஆண்ட்ரூ ராஸ்முசெனும் 2010இல் எழுதிய கட்டுரை, மனத்தை அதிகம் பாதிப்பது போரில் கண்ட கொடுமையா அன்றாட நெருக்கடியா என்று இத்துறையில் இருந்த ஒரு நீண்ட சண்டையைத் தணித்தது. போரில் கண்ட கொடுமை மனத்தைப் பாதிக்கும் வழிகளுள் ஒரு பெரிய பகுதி, அந்தக் கொடுமை உண்டாக்கிய அன்றாட நெருக்கடிகளின் ஊடாகவே செல்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்: வருமானம் இல்லாமை, நெரிசலான உறைவிடம், உறவினரிடமிருந்து பிரிவு, ஓயாத காத்திருப்பு. நெதர்லாந்தில் தஞ்சம் கோரிய ஈராக்கியரிடையே நடத்தி 2004இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாக வந்தவர்களைவிட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவுக்காகக் காத்திருந்தவர்களிடம் உளநோய் அதிகம் இருப்பதைக் கண்டது. காலம் போகப் போக ஆறும் என்று நாம் நினைக்கும் புண், காத்திருப்பில் ஆறாமலே இருக்கிறது. ஆகவே, எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் போதும் என்று உங்களிடம் சொல்பவர், தம் நோயின் காரணத்தைச் சரியாகவே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்காக ஆலோசகரை அனுப்பிவிட வேண்டியதில்லை. அறையிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்து படிவ மேசையில் உட்கார வையுங்கள். முதல் சில வாரங்கள் அவரும் படிவம் நிரப்பட்டும். அதோடு படிவ மேசைத் தன்னார்வலர்களுக்கு உளவியல் முதலுதவி பற்றிய பயிற்சியை அவரே தரட்டும். உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட களக் கையேடு அதற்குப் போதும். பார், கேள், இணை என்ற மூன்று செயல்களைச் சுற்றி அது எழுதப்பட்டிருக்கிறது. கேட்பது என்றால், அவர் சொல்ல வருவதைக் கேட்பது மட்டும்தான். அவர் சொல்லாததைத் தோண்டக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை வலியுறுத்துகிறேன். நல்ல மனத்தோடு வருபவர்கள் பலர், நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பி, வந்து இறங்கியவர்களை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்கிறார்கள். அண்மையில் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் இத்தகைய ஒற்றை அமர்வு விசாரிப்பைச் செய்யக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான பரிந்துரை. அது உதவுவதற்குச் சான்று இல்லை, சிலருக்குக் கேடாக முடியவும் கூடும்.

மூன்றாம் அடுக்குக்கு ஆள் வேண்டுமென்றால் அகதிகளுக்குள்ளேயே தேடுங்கள். 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்டது. மருத்துவப் பட்டம் இல்லாதவர்களும் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று அதை நடத்தலாம். ஐந்து அமர்வுகள், மூச்சைச் சீராக்குதல், தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலைத் தேர்ந்து படிப்படியாகக் கையாளுதல், விட்டுவிட்ட வேலைகளைச் சிறுகச் சிறுகத் தொடங்குதல், துணை நிற்பவர்களைத் தேடிக்கொள்ளுதல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். மேற்பார்வை இல்லாமல் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். உங்கள் ஆலோசகரின் ஒரு நாள் அந்த மேற்பார்வைக்குச் செலவானால் அது நல்ல செலவு.

மறுமொழி 2: தஞ்சக் கோரிக்கைகளில் சட்ட உதவி செய்பவர்

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். படிவ மேசை என்பதை நீங்கள் எழுத்தர் வேலையாகவே எண்ணுவதுபோல் தோன்றுவதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை உயிர்ப் பாதுகாப்பை மட்டும் பேசும் ஆவணம் என்று பலர் நினைக்கிறார்கள். துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற 33ஆம் பிரிவு அதன் உயிர்நாடி என்பது உண்மையே. ஆனால் ஊதியத்துக்கு வேலை செய்வது 17ஆம் பிரிவிலும், தொடக்கக் கல்வி 22ஆம் பிரிவிலும், நடமாடும் உரிமை 26ஆம் பிரிவிலும், அடையாள ஆவணம் 27ஆம் பிரிவிலும் வருகின்றன. அதை எழுதியவர்கள் ஓர் அகதி மனிதராக வாழ என்னென்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். உடன்படிக்கையின் கால, இட வரம்புகளை 1967ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கியது. இந்த உரிமைகளில் எவற்றை உங்கள் அரசு ஏற்றிருக்கிறது, எவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். தன்னார்வலர்கள் தாமாகச் சட்ட அறிவுரை சொல்லக் கூடாது. தவறாகச் சொல்லப்பட்ட ஒரு காலக்கெடுவால் ஒரு குடும்பம் மேல்முறையீட்டு உரிமையையே இழக்கக்கூடும்.

தஞ்சக் கோரிக்கைக்கான நேர்காணலில் உளநலமும் சட்டமும் நேருக்கு நேர் மோதுகின்றன. கோரிக்கையாளர் முதல் நேர்காணலில் சொன்னதும் இரண்டாவதில் சொன்னதும் பொருந்தவில்லை என்பதைக் காட்டி, அவர் பொய் சொல்கிறார் என்று முடிவெழுதுவது எங்கும் காணும் வழக்கம். பிரிட்டனில் ஜேன் ஹெர்லிஹியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அங்கே தங்கும் அனுமதியை முன்பே பெற்றுவிட்ட கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம், அதாவது பொய் சொல்ல எந்தத் தேவையும் இல்லாதவர்களிடம், ஒரே நிகழ்வைப் பற்றி இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டார்கள். அவர்களுடைய சொற்களிலும் முரண்கள் இருந்தன. நிகழ்வின் மையத்தைவிட ஓரங்களில், அதாவது தேதி, நேரம், உடை போன்ற விவரங்களில் முரண் அதிகம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநெருக்கடி கடுமையாக இருந்தவர்களிடம், இடைவெளி நீள நீள முரணும் கூடியது. அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பதும் பெரும்பாலும் இந்த ஓர விவரங்களைத்தான்.

எனவே ஆலோசகர் செய்யக்கூடிய மிக மதிப்புள்ள வேலைகளில் ஒன்று, நேர்காணலுக்கு முந்தைய நாளிலும் பிந்தைய நாளிலும் அந்த மனிதரோடு உட்கார்வது. எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலையன்று, அது ஆபத்தும்கூட. நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லலாம், இடைவேளை கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம், பெண் அதிகாரியைக் கோரலாம் என்பவை தெரிந்தாலே பாதி அச்சம் குறைகிறது. சித்திரவதைக்கு ஆளானவர் என்றால், காயங்களையும் உளப் பாதிப்பையும் மருத்துவ முறைப்படி ஆவணப்படுத்த வேண்டும். அதற்கான பன்னாட்டு வரையறை இஸ்தான்புல் நெறிமுறை. 1999இல் உருவானது, 2022இல் திருத்தப்பட்டது. அதன்படி அறிக்கை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். நேர்காணல் தேதி வந்தபின் தேடினால் காலம் போதாது.

ஆவணம் ஒரு மனிதருக்கு என்ன செய்கிறது என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமும் இல்லை. நாடிழந்த ரஷ்ய அகதிகளுக்காக, உலக நாடுகள் சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த நான்சென் 1922இல் கொண்டுவந்த கடவுச்சீட்டு ஒற்றைத் தாள்தான். அதை வைத்துக்கொண்டுதான் ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை கடந்து வேலை தேடினார்கள்.

மறுமொழி 3: மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பவர்

கேள்வியில் மொழிபெயர்ப்பாளர் என்ற ஆளே இல்லை என்பதைக் கவனித்தேன். ஆலோசகருக்கு அவர்களுடைய மொழி தெரியுமா? தெரியாதென்றால் நடுவில் இருப்பவர் யார்?

பெரும்பாலான இடங்களில் அது வீட்டின் மூத்த பிள்ளையாக இருக்கிறது. பள்ளிக்குச் செல்வதால் பிள்ளைகள் புது மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் தாயை மருத்துவரிடம் அழைத்துப் போவதும் அவர்களே. கர்ப்பப்பைச் சிக்கலையோ வழியில் நேர்ந்த வன்கொடுமையையோ மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் சொல்லமாட்டார். பார்வை முழுவதும் மகன்மேல் இருக்கும், மருத்துவர் கேட்பதற்கெல்லாம் வயிற்றுவலி என்ற ஒரே பதில்தான் வரும். மகனோ, அன்றிரவே வங்கிக் கடிதத்தையும் நீதிமன்ற அறிவிப்பையும் பெற்றோருக்குப் படித்துச் சொல்லும் நிலையில், வீட்டின் பெரியவனாகிவிடுகிறான். அவனுடைய பள்ளிப் படிப்பு சரிவதற்குக் காரணம் கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

அதே சமூகத்திலிருந்து ஒருவரை அமர்த்துவது எளிய வழிதான், ஆனால் எச்சரிக்கை தேவை. உள்நாட்டுப் போரிலிருந்து வந்தவர்களிடம், மொழிபெயர்ப்பவர் எந்த ஊர், எந்தப் பிரிவு, அவர் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்பவை பேச்சின் முதல் நொடியிலேயே, உச்சரிப்பிலேயே வெளிப்பட்டுவிடும். அதன்பின் அவர்கள் என்ன சொல்வார்கள், எதை விழுங்குவார்கள் என்பது அதைப் பொறுத்தது. நம்பிக்கையானவர் கிடைக்காத இடத்தில், பெயர் சொல்லாத தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மேல்.

நடைமுறையில் இரண்டு விஷயங்கள் போதும். மொழிபெயர்ப்பவர் 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லாமல் 'நான்' என்றே பேச வேண்டும், கேட்பவரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் பேசுபவரைப் பார்த்தே கேட்க வேண்டும். அமர்வு முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரோடு ஆலோசகர் சிறிது நேரம் செலவிட வேண்டும். ஒரு கொலையை 'நான்' என்று சொல்லி மொழிபெயர்த்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகும் வேலை இது. எங்களில் பலர் தாமும் அதே பாதையில் வந்தவர்கள் என்பது பெரும்பாலும் எவர் நினைவிலும் இருப்பதில்லை.

மறுமொழி 4: மனநல மருத்துவர்

இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை சரி என்றாலும், இந்த உரையாடல் ஒரு பக்கமாகச் சாய்வது எனக்குக் கவலை தருகிறது. எல்லாம் காகிதமும் வேலையும் இல்லாத குறைதான் என்று முடிவு செய்துவிட்டால், உண்மையில் நோயுற்றவர் அந்த வரிசையில் சத்தமின்றி நின்றுவிட்டுப் போய்விடுவார்.

எண்ணிக்கையை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். மோதல் நடந்த பகுதிகளில் வாழும் மக்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் உளநோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் பெரும்பகுதி லேசானவை. கடுமையானவை சுமார் 5 விழுக்காடு. அதாவது பெரும்பான்மையினர் நோயாளிகள் அல்லர். அகதி என்றாலே மனம் சிதைந்தவர் என்று பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அதே நேரம், அந்த 5 விழுக்காட்டுக்குப் படிவ மேசை போதாது.

அவர்கள் யார் என்பதும் பலருக்கு வியப்பளிக்கலாம். பல நாடுகளின் அகதி முகாம் மருத்துவ நிலையங்களில் 2009 முதல் 2013 வரை நரம்பு, மனநலக் குறைகளுக்காக வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வலிப்பு நோயும் உளப்பிறழ்வு நோய்களும் (இல்லாத குரல்கள் கேட்பது போன்றவை)தாம் மிகப் பெரிய பங்கைப் பிடித்திருந்தன. சொந்த நாட்டில் ஆண்டுக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர், ஓடிவரும்போது மாத்திரைச் சீட்டைத் தொலைத்துவிட்டு, புது நாட்டில் பதிவு கிடைக்கும்வரை மருந்தில்லாமல் இருந்து, வலிப்பு வந்து அடுப்பில் விழுகிறார். அவருக்கு வேண்டியது அவருடைய பழைய மருந்தும் அதைத் தொடர்ந்து எழுதித் தர ஒரு மருத்துவரும். ஆகவே நீங்கள் நிரப்பும் முதல் படிவத்தோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இங்கு வருவதற்கு முன் யாராவது நாள்தோறும் மாத்திரை சாப்பிட்டு வந்தீர்களா? இதைக் கேட்க ஆலோசகர் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் முகமையும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட கையேடு ஒன்று, மனநல நிபுணர் இல்லாத இடத்தில் பொது மருத்துவரே இவற்றைக் கையாளும் விதத்தைச் சொல்கிறது. உங்கள் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அதை அறிமுகப்படுத்தலாம்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநெருக்கடி உறுதியாக இருப்பவர்களுக்கும் சிகிச்சை உண்டு, அது பலனளிக்கிறது. கதைவழி எதிர்கொள்ளல் என்று சொல்லத்தக்க ஒரு முறையை உகாண்டாவில் இருந்த சூடான் அகதிகளிடம் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைக்கிறார்கள். அதுதான் அவருடைய வாழ்க்கை. பிறப்பிலிருந்து தொடங்கி, நல்ல நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவும் கொடிய நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லும் அந்தக் கயிற்றின்மேல் அவரே வைக்கிறார். பிறகு வரும் அமர்வுகளில் கால வரிசைப்படி ஒவ்வொரு கல்லையும் நின்று நிதானமாகச் சொல்லச் சொல்லி, எழுதி, அடுத்த அமர்வில் அவருக்கே படித்துக்காட்டுகிறார்கள். முடிவில் முழு எழுத்தும் அவர் கையில் தரப்படுகிறது. கல்லை மட்டுமே நினைவில் வைத்திருந்த ஒருவர், இத்தனை பூக்களைத் தாமே வைத்தோமா என்று கயிற்றைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். முதல் மறுமொழியில் எச்சரிக்கப்பட்ட ஒற்றை அமர்வு விசாரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை: இது பயிற்சி பெற்றவர், பல அமர்வுகளில், நோயை உறுதி செய்தபின், அவருடைய சம்மதத்தோடு செய்வது.

உறங்குவதற்கு எளிதாக மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் பென்சோடயசிபின் வகை உறக்க, அமைதி மருந்துகளைத் தரக் கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைதான்.

மறுமொழி 5: ஒரு காலத்தில் அகதியாக இருந்தவர்

நீங்கள் எல்லோரும் எங்களுக்கு என்ன தர வேண்டும் என்று பேசுகிறீர்கள். முகாமில் இருந்த ஆண்டுகளில் எனக்கு வந்த உதவிகள் எவை, எவற்றால் எனக்குத் தெம்பு வந்தது என்று யோசித்துப் பார்த்தால், இரண்டு பட்டியல்களும் அதிகம் பொருந்தவில்லை.

ஊரில் நான் பள்ளி ஆசிரியர். முகாமில் நான் ஓர் எண். காலையில் வரிசை, மாலையில் வரிசை, நடுவில் ஒன்றுமில்லை. இரவில் கெட்ட கனவு வந்தது உண்மைதான். ஆனால் என்னை அரித்தது பகல்தான். ஒரு நாள் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு பணியாளர் கேட்டார். ஊதியம் என்று சொல்ல முடியாத ஒரு சிறு தொகை. அடுத்த நாள் காலை சட்டையைத் தேய்ப்பதற்கு எதுவும் இல்லாததால், இரவே நனைத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். அன்று தூங்கினேன் என்று சொன்னால் மிகை என்பீர்கள், ஆனால் தூங்கினேன்.

ஆகவே உங்கள் படிவ மேசையின் இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். வரிசையில் நிற்பவர்களில் கணக்கரும் செவிலியரும் தையற்காரரும் இருப்பார்கள். முதல் படிவங்களைத் தாண்டியவர்களை மேசையின் மறுபக்கத்துக்கு அழையுங்கள், முடிந்தால் ஊதியத்தோடு. எத்தனை காலம்தான் எங்களைத் தன்னார்வலர்களாகவே வைத்திருப்பீர்கள்? சான்றிதழ்களைத் தொலைத்துவிட்டு வந்த படித்தவர்களுக்காக ஐரோப்பிய அவை 2017 முதல் ஒரு தகுதிக் கடவுச்சீட்டை நடத்துகிறது. மூலச் சான்று இல்லாதபோதும், கிடைக்கும் துண்டு ஆவணங்களையும் நேர்காணலையும் வைத்து ஒருவரின் படிப்பை மதிப்பிட்டு எழுதித் தருகிறார்கள். யுனெஸ்கோவும் அதைப் போன்ற ஒன்றை ஜாம்பியாவில் தொடங்கியது. எல்லா நாடுகளிலும் செல்லாது என்றாலும், இப்படிச் செய்ய முடியும் என்பதைக் காட்டவாவது இவற்றைப் பற்றி உங்கள் குழு அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு அமைப்பும் எங்கள் கதையை முதலிலிருந்து கேட்கும். பதிவுக்கு ஒருமுறை, உணவு அட்டைக்கு ஒருமுறை, ஆய்வு மாணவருக்கு ஒருமுறை, நன்கொடையாளர் வரும்போது புகைப்படத்துடன் ஒருமுறை. தேவைக்கு மேல் கேட்காதீர்கள். கேட்டதை எங்கள் சம்மதத்தோடு அடுத்த அலுவலகத்துக்கு நீங்களே அனுப்பிவையுங்கள். உதவி சரியில்லை என்று நாங்கள் புகார் சொன்னால் நன்றி கெட்டவர்கள் என்று முகம் சுளிக்காமல் கேட்க ஓர் ஆளை வையுங்கள். அது புகார்ப் பெட்டியாக இருந்தால், அதைத் திறப்பவர் யார் என்பதையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐவருக்கும் நன்றி. ஆலோசகரிடம் பேசினேன். படிவ மேசைக்கு வர அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அறையில் தனியே உட்கார்ந்து அவரும் சலித்துப்போயிருக்கிறார். கதவில் ஒட்டியதை எடுத்துவிட்டோம். மாத்திரை பற்றிய கேள்வியைப் படிவத்தோடு சேர்த்துவிட்டோம். மேசையின் மறுபக்கத்துக்கு ஆள் எடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறோம், ஊதியம் உட்பட.

ஒன்று மட்டும் புரியாமல் இருக்கிறது. வழியில் கணவரைப் பிரிந்த ஒரு பெண் எங்களிடம் வருகிறார். கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. மொழி வகுப்பில் சேர மறுக்கிறார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதையும் தள்ளிப்போடுகிறார். கணவர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அவரை உண்மையை ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். என்ன செய்வது?

மறுமொழி 1 எழுதியவர், மீண்டும்

உண்மை என்னவென்று உங்களுக்கே தெரியாதபோது எதை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்? காணாமற்போனவர்களின் குடும்பங்கள் படும் இந்த நிலையைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் தனி வகை இழப்பாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார். இறந்தார் என்று சொல்லி அழவும் முடியாது, இருக்கிறார் என்று சொல்லி நிம்மதியடையவும் முடியாது. இதில் முடிவை வற்புறுத்துவது, கணவரைக் கைவிடும்படி வற்புறுத்துவதாகவே அவருக்குப் படும். கணவர் ஒருவேளை இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். அந்த இடத்துக்கு அவர் வரத்தான் துணை தேவை. இதே நிலையில் இருக்கும் வேறு பெண்கள் இருந்தால் அவர்களோடு உட்கார வையுங்கள். உங்கள் ஆலோசகருக்கு இது நல்ல முதல் குழு.

அதற்கு முன், தேடும் வேலையைத் தொடங்குங்கள். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் நாடுதோறும் உள்ள செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களும் பிரிந்த குடும்பங்களைத் தேடும் சேவையைக் கட்டணமின்றி நடத்துகின்றன. அருகிலுள்ள சங்கத்துக்கு அவரோடு நீங்களே செல்லுங்கள். கணவரின் முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், கடைசியாகப் பார்த்த இடமும் நாளும், உடன் இருந்தவர்கள் ஆகிய விவரங்களை முன்பே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால், அங்கே அவர் தடுமாற வேண்டியிருக்காது. சொந்த நாட்டின் தூதரகத்திடம் விசாரிக்க வேண்டாம், சமூக ஊடகத்தில் படத்தைப் போடவும் வேண்டாம். யாருக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அவர்களும் அதைப் பார்ப்பார்கள். விண்ணப்பம் பதிவானதும் கிடைக்கும் எண்ணை அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள். வீடோ தொலைபேசி எண்ணோ மாறும்போதெல்லாம் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.